என் படியை எனக்கு அளந்து: போதுமென்கிற மனம் பற்றி ஓர் எளிய விளக்கம்

நீதிமொழிகள் புத்தகத்தில் 31 அதிகாரங்கள் இருக்கின்றன. நாக்கு, சோம்பல், கடன், கோபம், நட்பு என்று எதைப் பற்றியும் அதில் ஆலோசனை கிடைக்கும். ஆனால் தேவனை நேராக நோக்கிச் செய்யப்பட்ட ஜெபம் அந்தப் புத்தகம் முழுவதிலும் ஒன்றே ஒன்றுதான்: 30-ம் அதிகாரம், 7 முதல் 9 வரையுள்ள வசனங்கள். ஜெபித்தவர் ஆகூர், யாகேயின் குமாரன். இவரைப் பற்றி வேதாகமத்தில் வேறு எங்கும் ஒரு வரிகூடக் கிடையாது.

சாகும்வரை மறுக்காமல் தரவேண்டும் என்று அவர் கேட்டது இரண்டு காரியம். மாயையையும் பொய்யையும் தன்னைவிட்டுத் தூரப்படுத்த வேண்டும் என்பது முதலாவது. இரண்டாவது இது: "தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக." தொடர்ந்து, "என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்கிறார்.

தரித்திரம் வேண்டாம் என்று எல்லாரும் ஜெபிக்கிறோம். ஐசுவரியம் வேண்டாம் என்று முழங்காலில் நின்றவர்கள் எத்தனை பேர்? சபையில் "போதுமென்கிற மனம்" என்று அடிக்கடி கேட்கிறோமே, அது என்ன என்று புதிதாகக் கற்க வருகிறவருக்கு இந்த ஜெபத்தைவிட நல்ல வாசல் இல்லை.

"படி" என்ற சொல்லைக் கவனியுங்கள். எபிரெயத்தில் இருப்பது "எனக்கென்று குறிக்கப்பட்ட அப்பம்" என்ற பொருளுள்ள சொற்கள். அதற்குத் தமிழில் போட்ட சொல் மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது. படி என்பது தானியம் அளக்கிற பாத்திரம். அதில் அளந்த தானியத்துக்கும் அதே பெயர். ஒருவருக்கு அன்றாடம் கொடுக்கிற தொகையையும் படி என்றுதான் சொல்கிறோம். "படியளக்கிறவர்" என்றாலே பிழைப்புக் கொடுக்கிறவர் என்று யாருக்கும் புரியும். ஆகூரின் கண் படியின் அளவில் இல்லை. எத்தனை படி என்று அவர் சொல்லவே இல்லை. அளக்கிற கை யாருடையது என்பதில் மட்டும் அவர் உறுதியாக இருக்கிறார். கிறிஸ்தவப் போதனையில் "போதும்" என்ற சொல் இந்த இடத்திலிருந்துதான் புறப்படுகிறது.

ஏன் இரண்டும் வேண்டாம் என்பதற்கு 9-ம் வசனத்தில் அவரே காரணம் சொல்கிறார். நிறைந்துவிட்டால் மறுதலித்து "கர்த்தர் யார்?" என்று கேட்டுவிடுவேன். குறைந்துவிட்டால் திருடி, தேவனுடைய நாமத்துக்கு இழுக்கு உண்டாக்குவேன். "கர்த்தர் யார்" என்பது யாத்திராகமம் 5-ல் பார்வோன் மோசேயிடம் கேட்ட அதே கேள்வி. எகிப்தின் ராஜா திமிராகக் கேட்டதைத் தன் வாயும் ஒருநாள் கேட்கக்கூடும் என்று பயப்படுகிறார் ஆகூர். தன் வசதியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. பணம் தனக்கும் தேவனுக்கும் நடுவில் என்ன செய்யும் என்பதே அவருடைய கவலை முழுவதும்.

இதை "நடுத்தர வர்க்கத்துக்கான ஜெபம்" என்று சிலர் வாசிக்கிறார்கள். அப்படி எடுத்தால் வேதாகமத்தில் பல இடங்கள் இடிக்கும். ஆபிரகாம் மிருகஜீவன்களும் வெள்ளியும் பொன்னுமான ஆஸ்திகளையுடைய சீமான் என்று ஆதியாகமம் 13 சொல்கிறது. லூக்கா 16-ல் வருகிற லாசருவோ பருக்கள் நிறைந்து, வாசலில் கிடந்த பிச்சைக்காரன். அந்த லாசரு மரித்தபின் கொண்டுபோய் விடப்பட்ட இடம் ஆபிரகாமின் மடி. சீமானும் பிச்சைக்காரனும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். ஆகையால் நடுவில் ஏதோ ஒரு வருமானக் கோடு இருக்கிறது, அதன்மேல் நின்றால் பத்திரம் என்று எண்ணவேண்டாம். ஆகூர் தன் பலவீனம் இரண்டு பக்கமும் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஜெபிக்கிறார், அவ்வளவுதான்.

பழமொழியும் பவுலும்

"போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்று நம் மொழியில் பழமொழி இருக்கிறது. நல்ல மொழிதான். ஆனால் அந்த மருந்தை எங்கிருந்து எடுப்பது என்று அது சொல்வதில்லை. மனதை நீயே அடக்கிக்கொள் என்பதோடு நின்றுவிடுகிறது.

பவுல் எழுதிய காலத்தில் கிரேக்கத் தத்துவஞானிகளிடமும் இதுபோல ஒரு போதனை இருந்தது. "ஔதார்கேஸ்" என்பது அவர்கள் சொல். வெளியிலிருந்து எதுவும் தேவைப்படாதவன், தனக்குத் தானே போதுமானவன் என்று பொருள். அவர்களில் ஒரு பிரிவினரான ஸ்தோயிக்கர் இதை உயர்ந்த குணமாக மதித்தார்கள். பவுல் பிலிப்பியர் 4:11-ல் அதே சொல்லை எடுத்துத்தான் "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்கிறார். ஆனால் இரண்டு வசனம் தள்ளி 13-ல் அதற்கு வேர் எங்கே என்று காட்டிவிடுகிறார்: "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே." தனக்குத் தானே போதுமானவன் என்ற சொல்லுக்குள் கிறிஸ்துவைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். சொல் பழையது, உள்ளே இருப்பது முழுவதும் வேறு.

அந்தப் பகுதியில் இன்னும் மூன்று காரியங்களை மெதுவாக வாசிக்கவேண்டும்.

"கற்றுக்கொண்டேன்" என்கிறார். மனரம்மியம், அதாவது இந்தப் போதுமென்கிற மனம், அவருக்குப் பிறவிக் குணமாக வரவில்லை. இரட்சிக்கப்பட்ட அன்றே கையில் கொடுக்கப்படவும் இல்லை. அடுத்த வசனத்தில் "போதிக்கப்பட்டேன்" என்று தமிழில் இருப்பது, கிரேக்கத்தில் இரகசியச் சடங்குகளில் ஒருவரைப் படிப்படியாக உள்ளே சேர்ப்பதற்குச் சொல்லப்பட்ட சொல். நாள் பிடிக்கிற, படிப்படியான பயிற்சி என்று அர்த்தம். எனவே ஒரு பிரசங்கம் கேட்டதும் ஆசை எல்லாம் அடங்கிவிடவில்லையே என்று சோர்ந்துபோக வேண்டியதில்லை.

அடுத்தது, "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்ற இரட்டை. தாழ்ந்திருக்கக் கற்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். வாழ்ந்திருக்கவும் கற்கவேண்டும் என்று நாம் நினைப்பதில்லை. நல்ல சம்பளம் வந்துவிட்டால் பாடம் முடிந்தது என்று புத்தகத்தை மூடிவிடுகிறோம். பவுலுக்கு அது இன்னொரு பாடம், ஒருவேளை கடினமான பாடம்.

மூன்றாவது, 13-ம் வசனம். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதைத் தேர்வு, போட்டி, வியாபாரம் எல்லாவற்றுக்கும் வெற்றி வசனமாக எழுதி ஒட்டுகிறார்கள். பவுல் அதை எழுதியது கட்டுண்டு காவலில் இருக்கும்போது. "எல்லாம்" என்று அவர் சொன்னது அதற்கு முந்தின வசனத்தில் வரிசைப்படுத்தியவற்றை: திருப்தி, பட்டினி, பரிபூரணம், குறைவு. பட்டினியிலும் கிறிஸ்துவை விட்டு நழுவாமல் இருக்கப் பெலன் உண்டு என்பதே வசனத்தின் பொருள். போட்டியில் ஜெயிக்காமல் போனவருக்கும் அந்த வசனம் பொய்யாகவில்லை என்று இப்போது தெரியும்.

எபிரெயர் 13:5 இதே போதனையைக் காரணத்தோடு சொல்கிறது. "உங்களுக்கு இருக்கிறவைகள் போதுமென்று எண்ணுங்கள்" என்றபின் வருவது பணத்தைப் பற்றிய வாக்குத்தத்தம் அல்ல: "நான் உன்னை விட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை." கிரேக்க மூலத்தில் இந்த ஒரே வாக்கியத்தில் ஐந்து எதிர்மறைச் சொற்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. இல்லவே இல்லை, ஒருபோதும் இல்லை என்று அடித்துச் சொல்கிற நடை. இருக்கிறது போதும் என்று சொல்லக் காரணம், இருக்கிறவற்றோடு அவரும் இருக்கிறார் என்பதே.

வனாந்தரத்தில் ஒரு ஓமர்

இந்தப் பாடத்தை தேவன் ஒரு ஜனத்துக்கு எப்படிக் கற்றுக்கொடுத்தார் என்று பார்க்க யாத்திராகமம் 16-ஐத் திறக்கவேண்டும். அளவுகளோடு எழுதப்பட்ட அதிகாரம் அது.

எகிப்தை விட்டுப் புறப்பட்ட இரண்டாம் மாதத்தின் 15-ம் நாளில், சீன் வனாந்தரத்தில், ஜனங்கள் முறுமுறுக்கிறார்கள். மறுநாள் காலையில் பனி நீங்கியதும் தரையில் உருட்சியான சின்ன வஸ்து கிடக்கிறது. அதுதான் மன்னா. கட்டளை தெளிவானது: தலைக்கு ஒரு ஓமர். ஓமர் என்பது எப்பா என்ற அளவில் பத்தில் ஒரு பங்கு. இன்றைய கணக்கில் ஏறத்தாழ இரண்டு லிட்டர் கொள்ளும். வெயில் ஏறினால் உருகிவிடும், ஆகவே காலையிலேயே போய்ப் பொறுக்கவேண்டும். வானத்திலிருந்து வந்தது என்றாலும் வாய்க்குள் வந்து விழவில்லை. குனிந்து பொறுக்குகிற வேலை மனிதனுக்கு இருந்தது.

சிலர் மிகுதியாய்ச் சேர்த்தார்கள், சிலர் கொஞ்சமாய்ச் சேர்த்தார்கள். ஓமரால் அளந்தபோது மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதி இல்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவும் இல்லை. சிலர் சொன்னதைக் கேளாமல் விடியற்காலம்வரை மீதி வைத்தார்கள். அது பூச்சி பிடித்து நாறியது. ஆனால் ஆறாம் நாளில் தலைக்கு இரண்டு ஓமர் சேர்க்கச் சொன்னார். அதில் ஒரு பங்கு ஓய்வுநாளுக்காக இராமுழுவதும் இருந்தது. அது நாறவும் இல்லை, பூச்சி பிடிக்கவும் இல்லை.

புதிதாகக் கற்கிறவர்கள் இந்த வித்தியாசத்தில் நின்று யோசிக்கவேண்டும். அதே மன்னா, அதே பாத்திரம், அதே இரவு. ஒன்று கெட்டது, ஒன்று கெடவில்லை. எடுத்துவைப்பது பாவம் என்றால் இரண்டும் கெட்டிருக்கவேண்டும். நாளைக்கு இவர் தருவாரோ மாட்டாரோ என்ற சந்தேகத்தில் வைத்தது நாறியது. அவர் சொன்ன நோக்கத்துக்காக வைத்தது நிலைத்தது. யோசேப்பு எகிப்தில் ஏழு செழிப்பான வருஷங்களிலும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைக்க ஆலோசனை சொன்னார்; அது பல தேசத்தாரின் உயிரைக் காப்பாற்றியது. லூக்கா 12-ல் வருகிற ஐசுவரியவானும் சேர்த்துத்தான் வைத்தான். அவன் பேச்சைக் கேட்டால் "என் தானியம், என் களஞ்சியம், என் பொருள், என் ஆத்துமா" என்று எல்லாம் "என்" மயம். தேவனும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரனும் இல்லை. சொத்தைப் பங்கிடும்படி சகோதரனுக்குச் சொல்லும் என்று ஒருவன் வந்து கேட்டதற்குப் பதிலாகத்தான் இயேசு இந்த உவமையைச் சொன்னார் என்பதையும் மறக்கவேண்டாம்.

மன்னா 40 வருஷம் பெய்தது. ஓய்வுநாள் தவிர அத்தனை நாளும் காலையில் எழுந்து, இன்றைக்கு உண்டு என்று கண்டு, அளந்து எடுத்தார்கள். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று கர்த்தருடைய ஜெபத்தில் நாம் சொல்லும்போது அந்த ஓமரைத்தான் நீட்டுகிறோம்.

பவுல் இந்த மன்னா வசனத்தை 2 கொரிந்தியர் 8:15-ல் எடுத்தாளுகிறார். எருசலேமில் வறுமையில் இருந்த விசுவாசிகளுக்குப் பணம் சேர்க்கிற இடம் அது. வனாந்தரத்தில் ஓமரே சமப்படுத்தியது. சபையில் அதைச் செய்யவேண்டியது உங்கள் கை என்பது அவருடைய வாதம். உங்கள் படியில் கூடுதலாக விழுந்தது வேறொருவருடைய படியாக இருக்கலாம்.

யாரிடம் "போதும்" என்று சொல்லக்கூடாது

இந்தப் போதனை அதிகமாகக் கெட்டுப்போவது இங்கேதான். சும்மா இருப்பதோ, விதி என்று உட்கார்ந்துவிடுவதோ மனரம்மியம் அல்ல என்பதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பவுல் கூடாரம் தைத்துப் பிழைத்தார். அடிமையாக இருக்கிறவனிடமும் விடுதலையாகக் கூடுமானால் அதைச் செய் என்றே 1 கொரிந்தியர் 7:21-ல் சொன்னார். படிக்கலாம், நல்ல வேலை தேடலாம், ஊதிய உயர்வு கேட்கலாம்.

கவனமாக இருக்கவேண்டியது வேறு ஒன்றில். "போதுமென்றிரு" என்பது ஒருவன் தன் மனதுக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியது. பலமுள்ளவன் பலவீனனைப் பார்த்துச் சொல்வதற்காக அது கொடுக்கப்படவில்லை. "உங்கள் சம்பளமே போதும் என்று இருங்கள்" என்று யோவான்ஸ்நானன் லூக்கா 3:14-ல் சொன்னது யாரிடம்? போர்ச்சேவகரிடம். கையில் ஆயுதம் உள்ளவர்கள், மிரட்டிப் பிடுங்கக்கூடியவர்கள். கூலி கிடைக்காத வேலைக்காரனிடம் வேதம் அப்படிப் பேசுவதில்லை. யாக்கோபு 5:4 அறுப்பறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அது சேனைகளுடைய கர்த்தரின் செவிகளுக்கு எட்டியது என்கிறது. கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்று லேவியராகமம் 19:13 சொல்கிறது. பொழுதுபோகுமுன்னே கொடுத்துவிடவேண்டும், அவன் ஏழை, அதின்மேல் ஆவலாயிருக்கிறான் என்று உபாகமம் 24:15 சொல்கிறது.

அன்றன்று கூலி வாங்கி அன்றன்று சாப்பிடுகிறவனுக்கு "இன்றைய ஆகாரம்" என்பது வேலை கொடுத்தவரின் பைக்குள் இருக்கிறது. தேவன் அளந்த படி அது. அதைப் பிடித்துவைத்துக்கொண்டு மனரம்மியம் போதிக்கிறவர், வழியில் படியைத் தட்டிப்பறிக்கிறவர்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கேடு உண்டு. காணிக்கையை விதைத்தால் நூறத்தனையாகப் பணம் அறுக்கலாம் என்ற போதனை. அது பண ஆசையைக் குணப்படுத்துவதில்லை, அதற்குப் பக்தியின் உடையைப் போட்டுவிடுகிறது. தேவபக்தியை ஆதாயத் தொழிலென்று எண்ணுகிறவர்களைப் பற்றி 1 தீமோத்தேயு 6:5-ல் எச்சரித்துவிட்டுத்தான் பவுல் அடுத்த வசனத்தில் "போதுமென்கிற மனதுடனேகூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம்" என்கிறார். இரண்டு வசனத்தையும் சேர்த்தே வாசியுங்கள். கடன் வாங்கிக் காணிக்கை போடும்படி யாராவது நெருக்கினால் 2 கொரிந்தியர் 8:12-ஐக் காட்டுங்கள்: ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும்.

நடைமுறையில் எப்படித் தொடங்குவது

முதலில் ஒரு தாள். 1 தீமோத்தேயு 6:8 "உண்ணவும் உடுக்கவும்" என்று இரண்டை மட்டும் சொல்கிறது. உடுக்க என்பதற்கு அங்கே இருக்கிற கிரேக்கச் சொல் "மூடுவது" என்று பொருள்படும். தலைக்கு மேல் கூரையையும் அதில் அடக்கலாம் என்று விளக்குகிறவர்கள் உண்டு. ஒரு மாதச் செலவை எடுத்து மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். உணவு, உடை, இருப்பிடம், மருந்து, பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரைப் பராமரிப்பது போன்றவை முதல் பத்தி. இல்லாவிட்டாலும் வாழலாம், இருந்தால் நன்றாக இருக்கும் என்பவை இரண்டாவது. மற்றவர்கள் வைத்திருப்பதால் வாங்கியவை மூன்றாவது. மூன்றாவது பத்தியை நேர்மையாக நிரப்புவது கடினம். வீட்டில் இருவராக உட்கார்ந்து நிரப்பினால் உண்மை வெளிவரும்.

இரண்டாவது பத்தியைப் பார்த்துக் குற்றவுணர்ச்சி வேண்டாம். "நாம் அனுபவிக்கிறதற்குச் சகலவித நன்மைகளையும் நமக்குச் சம்பூரணமாய்க் கொடுக்கிற" தேவன் என்று அதே 6-ம் அதிகாரம் 17-ம் வசனம் சொல்கிறது. நன்றி சொல்லி அனுபவிப்பதற்கு அவை கொடுக்கப்பட்டிருக்கின்றன. தேவைக்கு மேல் ஒன்றும் வைத்திருக்கக்கூடாது என்று கடுமையாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் சில மாதங்களில் களைத்துப்போய்ப் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறார்கள். இன்னும் மோசமாக, அனுபவிக்கிறவர்களைக் குற்றப்படுத்தவும் தொடங்கிவிடுகிறார்கள்.

அடுத்தது, பணம் பிரியும் வரிசை. பலரும் முதலில் செலவு, மீந்தால் சேமிப்பு, அதிலும் மீந்தால் காணிக்கை என்று போகிறார்கள். இந்த வரிசையில் ஒருநாளும் எதுவும் மீதியாகாது. நீதிமொழிகள் 3:9 முதற்பலன் என்கிறது. 1 கொரிந்தியர் 16:2 வாரத்தின் முதல்நாள்தோறும், தன்தன் வரவுக்குத் தக்கதாக, எடுத்துவைக்கச் சொல்கிறது. முதலில் கொடுப்பது, பிறகு கடன் தவணையும் எடுத்துவைப்பதும், அதற்குப் பின் மீதியில் வாழ்வது. எவ்வளவு என்பதில் தசமபாகத்திலிருந்து, அதாவது வரவில் பத்தில் ஒரு பங்கிலிருந்து, தொடங்குகிறவர்கள் உண்டு. முடியாத நிலையில் இருப்பவர் சிறிய அளவில் தொடங்கட்டும். அளவைவிட வரிசை முக்கியம். பணம் கைக்கு வந்ததும் முதல் அசைவு எந்தப் பக்கம் என்பதுதான் மனதைப் பழக்குகிறது.

வருமானம் கூடும்போது நடப்பதை நூறு பங்காக வைத்துப் பாருங்கள். மாத வருமானம் 100 பங்கு, வாழ்க்கைச் செலவு 80 பங்கு. ஊதிய உயர்வில் 20 பங்கு கூடுகிறது. எதுவும் தீர்மானிக்காமல் விட்டால் ஓராண்டுக்குள் செலவு 100 ஆகிவிடும், எங்கே போனது என்றும் தெரியாது. எல்லாம் "தேவை" என்ற பெயரில்தான் நுழையும். ஆகவே உயர்வு கைக்கு வருமுன்பே அந்த 20-ஐப் பிரித்து எழுதிவிட வேண்டும். உதாரணமாக 6 கொடுப்பதற்கு, 8 எடுத்துவைப்பதற்கு, 6 வீட்டுச் செலவுக்கு. எண்கள் உங்களுடையவை. வந்தபின் தீர்மானிக்கலாம் என்றால் அதற்குள் மனம் அதைச் செலவழித்து முடித்திருக்கும்.

பெரிய பொருள் எதையும் ஆசை வந்த அன்றே வாங்காமல் பெயரையும் தேதியையும் எழுதிவைத்து 30 நாள் விடுவது நல்ல பழக்கம். பல பெயர்களைத் திரும்பப் பார்க்கும்போது இதையா கேட்டோம் என்று இருக்கும். நிற்பவை உண்மையான தேவையாக இருக்கக்கூடும். அவற்றை ஜெபத்தோடு, கடன் இல்லாமல் வாங்குங்கள். கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை என்று நீதிமொழிகள் 22:7 சொல்வதை அனுபவித்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

ஒப்பீடு தனி நோய். மத்தேயு 20-ல் திராட்சத்தோட்டத்தில் காலையிலிருந்து உழைத்தவர்கள் பேசின கூலி ஒரு பணம். வாங்கினதும் ஒரு பணம். கடைசி மணிவேளையில் வந்தவன் கையிலும் அதே ஒரு பணத்தைப் பார்த்த நொடியில் தங்கள் பணம் அவர்களுக்குச் சிறிதாகிவிட்டது. கையில் எதுவும் குறையவில்லை, கண்தான் நகர்ந்தது. சக சீஷனான யோவானைக் காட்டி "இவன் காரியம் என்ன" என்று கேட்ட பேதுருவுக்கு இயேசு சொன்ன பதில் "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்பது. பிறருடைய வீடு, விழா, பயணம் என்று கைபேசியில் பார்த்து மனம் சுருங்குகிறதா? அவர் பெயரைச் சொல்லி, அவருக்குக் கிடைத்ததற்காக நன்றி செலுத்தி ஜெபியுங்கள். முதல் வாரம் வார்த்தை தொண்டையில் நிற்கும். ஆனாலும் செய்யுங்கள்.

குறைவில் இருப்பவருக்கு

மேலே சொன்ன பயிற்சிகள் மூன்று வேளை உணவு உள்ளவர்களுக்கானவை. வேலை போனவருக்கும், மருத்துவச் செலவில் மூழ்கினவருக்கும் செலவைப் பத்தி பிரிக்கச் சொல்வது கொடுமை. அவர்கள் முதலில் செய்யவேண்டியது, தேவையை வாய்விட்டுச் சொல்வது. மனரம்மியத்தோடு இருக்கிறவன் கேட்கக்கூடாது என்பது தவறான எண்ணம். கற்றுக்கொண்டேன் என்று எழுதிய பவுலே, பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் அனுப்பிய உதவியை வாங்கிக்கொண்டு, என் உபத்திரவத்தில் நீங்கள் உடன்பட்டது நலமாயிருக்கிறது என்று நன்றி எழுதினார். வெட்கத்தில் மறைத்துவைப்பதால் சபை தன் வேலையைச் செய்ய முடியாமல் போகிறது.

சாறிபாத்தின் விதவையின் கதையில் (1 இராஜாக்கள் 17) பானையில் மா செலவழிந்துபோகவில்லை, கலசத்தில் எண்ணெய் குறைந்துபோகவில்லை. பானை நிரம்பி வழிந்தது என்று அங்கே எழுதப்படவில்லை. ஒவ்வொரு நாளும் அவள் எட்டிப் பார்த்தபோது அடியில் கொஞ்சம் மா இருந்திருக்கிறது, அவ்வளவுதான். நாளைக்கும் இருக்குமா என்று பானையைப் பார்த்துச் சொல்ல முடியாது. சொன்னவரை நம்பித்தான் மறுநாளும் கையை உள்ளே விட்டிருப்பாள். இதே அதிகாரத்தில் எலியாவுக்குத் தண்ணீர் கொடுத்த கேரீத் ஆறு வற்றிப்போனதும் இருக்கிறது. ஒரு வழி வற்றினதால் தேவன் விட்டுவிட்டார் என்று ஆகாது. எலியாவுக்கு அடுத்த வழி அந்த விதவையின் வீட்டில் இருந்தது.

இரவில் கவலை எழுப்பினால் என்ன செய்வது? மத்தேயு 6-ல் 25 முதல் 34 வரை "கவலைப்படுவது" என்ற கிரேக்க வினைச்சொல் ஆறு தடவை வருகிறது. ஒரு தடவை சொல்லி அடங்குகிற விஷயம் அல்ல என்று ஆண்டவருக்கே தெரியும். எழுந்து விளக்கைப் போட்டு, கவலையை ஒரே வரியில் எழுதுங்கள். அதன்கீழ், காலையில் என் கையால் செய்யக்கூடியது என்ன என்று ஒன்றை எழுதுங்கள்: ஒரு தொலைபேசி, ஒரு விண்ணப்பம், தவணைக்குக் கால அவகாசம் கேட்பது. மீதி அனைத்தையும் பெயர் சொல்லி ஜெபத்தில் ஒப்படையுங்கள், பிலிப்பியர் 4:6 சொல்கிறபடி ஸ்தோத்திரத்தோடே. மறுநாள் இரவு அதே கவலை வந்தால் அதே தாளை எடுங்கள். காலையில் செய்தோமா என்று பாருங்கள். "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்ற கட்டளை நாளைக்காக ஒன்றும் செய்யாதே என்று சொல்லவில்லை. ஆகாயத்துப் பறவைகளும் காலையில் கூட்டை விட்டுப் பறக்கத்தான் செய்கின்றன.

இந்த மனம் வளர்கிறதா என்று தெரிந்துகொள்ள சங்கீதம் 131 உதவும். மூன்றே வசனம். "தாயின் பால் மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்" என்கிறார் தாவீது. பால் குடிக்கிற குழந்தை தாயின் மடியில் ஏறினதும் சேலையை இழுக்கும், முகத்தால் முட்டும், கிடைக்கும்வரை அழும். பால் மறந்த குழந்தை மடிக்கு வரும், சாய்ந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கு இப்போது வேண்டியது அம்மா. ஆனால் பால் மறக்கப்பண்ணுகிற நாட்கள் சுலபமாகப் போவதில்லை. குழந்தை பல இரவுகள் அழுகிறது, தாய் தூக்கிக்கொண்டு நடக்கிறாள்.